செவிலிமேட்டுத் தீர்த்தமும் அஞ்சறைப் பெட்டியும்

காஞ்சி மாநகரின் தென்கோடியில், வந்தவாசி செல்லும் சாலை பாலாற்றுப் பாலத்தைத் தொடும் இடத்தருகே அமைந்திருக்கிறது செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர், 2011-ஆம் ஆண்டு காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்து, இன்று மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. லட்சுமி நரசிம்மர் கோயிலும், ஸ்ரீராமாநுஜரின் சாலைக் கிணறும் இவ்வூரின் பெருமைகள். தறிச் சத்தம் முன்போல் தெருவெல்லாம் கேட்பதில்லை. ஆயினும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை.

செவிலி என்பது பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக நின்று குழந்தையை வளர்க்கும் தாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இக்காலத்தில் மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணுபவர்களையும் அச்சொல்லாலேயே அழைக்கிறோம். ஊர்ப்பெயர் இந்தச் சொல்லிலிருந்து பிறந்ததா, வேறு ஏதேனும் பழம்பெயர் மருவி இப்படி ஆயிற்றா என்பதை ஆராய்வது அறிஞர் வேலை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த கதையால் புகழ்பெற்ற ஊருக்கு இப்பெயர் பொருந்திவிட்டது என்ற மட்டில் பக்தர்களுக்கு மகிழ்ச்சியே.

அந்தக் கதை வைணவ இல்லங்களில் அறியாதார் இல்லாத கதை. 1017-இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இளையாழ்வார் (பிற்காலத்து ஸ்ரீராமாநுஜர்), யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டுவந்த நாட்களில் குருவோடும் உடன் பயின்ற மாணவர்களோடும் காசி யாத்திரை புறப்பட்டார். வழியில் தம் உயிருக்கே தீங்கு நினைக்கிறார்கள் என்பதைத் தம்பி முறையான கோவிந்தர் மூலம் அறிந்து, விந்திய மலைக் காட்டில் தனியே பிரிந்தார். திக்குத் தெரியாமல் நின்றவருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். இரவு கழிந்தது. விடியும் வேளையில் வேடுவச்சி தாகம் என்றாள். அருகிலிருந்த கிணற்றில் இறங்கி, கைகளில் நீர் முகந்து வந்து கொடுத்தார் இளையாழ்வார். மும்முறை கொடுத்தும் தாகம் தணியவில்லை. நான்காம் முறை நீரோடு வந்து பார்க்கையில் இருவரையும் காணவில்லை. எதிரே புண்ணியகோடி விமானம் தெரிந்தது! ஓர் இரவில் காட்டைக் கடந்து காஞ்சிக்கே வந்து சேர்ந்திருந்தார். வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று உணர்ந்து உருகினார். திருக்கச்சி நம்பிகளின் அறிவுரைப்படி, அன்றுமுதல் அக்கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் சுமந்து சென்று வரதருக்குச் சமர்ப்பித்தார் என்பது குருபரம்பரை வழி வந்த ஐதிகம். அக்கிணறுதான் சாலைக் கிணறு. ஆண்டுக்கொரு முறை வரதர் இவ்விடம் எழுந்தருளி, ராமாநுஜருக்குத் தாம் செய்த அருளை நினைவூட்டிச் செல்கிறார்.

இந்தக் கதையில் மருந்து இல்லை, மருத்துவரும் இல்லை. தாகம் என்றவருக்கு, அவர் யார் என்று கேளாமல், மீண்டும் மீண்டும் நீர் முகந்து கொடுத்த கை மட்டும் இருக்கிறது. காஞ்சி வட்டாரத்தில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் தங்கள் பிள்ளைப் பருவத்து வைத்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலில் நினைவுக்கு வருவதும் அத்தகைய ஒரு கைதான். அதில் இருந்த மருந்து பிறகே வரும்.

தண்ணீரே அக்காலத்தில் முதல் மருந்து. பாலாற்றில் வெள்ளம் வரும் நாட்களில் கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டை வீட்டுக்கு வீடு இருக்கும். மண்பானையின் உட்புறத்தில் அக்கொட்டையை நாலு சுற்று தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால், கலங்கல் அடியில் படிந்து மேல்நீர் கண்ணாடிபோல் தெளியும். ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்தார்கள். அது மணலே வடிகட்டிக் கொடுத்த நீர். பெருமாள் சந்நிதித் தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும் ஏலமும் சேர்வதை அறிந்த குழந்தைகளுக்கு, வீட்டுச் செப்புக் குடத்தில் இரண்டு துளசி இலை மிதப்பதைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை.

காய்ச்சல் வந்த நாள் எப்படி இருக்கும்? நெசவாளர் தெருவில் ஆயாவும், மாட வீதியில் பாட்டியும் செய்தது ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். வெப்பமானி எந்த வீட்டிலும் கிடையாது. பிறகு கருங்கல் உரைகல்லில் சில சொட்டு நீர் விட்டுச் சுக்கை இழைப்பாள். அந்தச் சத்தமே வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதை அண்டை வீட்டுக்குச் சொல்லிவிடும். இழைத்த விழுதை இரும்புக் கரண்டியில் இளஞ்சூடாக்கி நெற்றியில் பற்றுப் போடுவாள். பற்று காய்ந்து இழுக்கும்போது தலைவலி அதோடு இழுபட்டுப் போவதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்திருந்தால் மஞ்சள் கொம்பின் நுனியை எண்ணெயில் தோய்த்து விளக்கில் காட்டி, எழும் புகையை முகரச் செய்வாள். கனத்த சளிக்கு நொச்சித் தழை. ஆற்றோரத்திலும் வேலியோரத்திலும் யாரும் நடாமல் வளர்ந்து கிடந்த செடி அது. பானையில் கொதிக்கும் நொச்சி நீரின் முன் குழந்தையை உட்கார்த்திப் போர்வையால் மூடிவிடுவார்கள். உள்ளே இருட்டு, வெப்பம், கசந்த மணம், வெளியே ஆயாவின் குரல்: "இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு, நூறு எண்ணு."

இரவில் கஷாயம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம். அதோடு ஒரு பிடி துளசி. இருமல் இருந்தால் ஆடாதோடை இலை ஒன்று. கசப்பை மறைக்கப் பனைவெல்லம். இரண்டு டம்ளர் நீர் அரை டம்ளராகச் சுண்ட வேண்டும். மறுநாள் பத்தியம்: புழுங்கலரிசிக் கஞ்சி, சுட்ட அப்பளம், மிளகு ரசம். வைணவ இல்லங்களில் அதுவே மிளகு சாற்றமுது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டால், தலைக்குத் தண்ணீர் வார்த்து, கோயிலுக்கு அழைத்துப் போய்த் தீர்த்தம் வாங்கிக் கொடுத்த பிறகே குழந்தை பள்ளிக்குப் போகலாம்.

பிள்ளையார்பாளையம் முதல் செவிலிமேடு வரையிலான நெசவாளர் வீடுகளில் வைத்தியத்துக்குத் தொழிலை ஒட்டிய தனிக் காரணங்களும் இருந்தன. விடியற்காலைப் பனியில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்க்க வேண்டும். வெயில் ஏறினால் வேலை கெடும். பனியில் நின்றவர்களுக்குச் சுக்கு மல்லிக் காப்பி தவறாது. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு நாள் முழுதும் மிதிப்பவருக்கு முழங்காலும் இடுப்பும் நோகும். வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார்கள், தவிட்டைத் துணியில் முடிந்து வறுத்து ஒற்றடம் கொடுப்பார்கள். கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள உட்கார்ந்தது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். மங்கலான வெளிச்சத்தில் ஜரிகையையே பார்த்துப் பார்த்துக் கண் எரியும் அப்பிள்ளைக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் விடுமுறைபோல் வாய்த்தது. உச்சியில் நல்லெண்ணெய் வைத்து அழுத்தி, காதில் சொட்டு விட்டு, அரப்பும் சீயக்காயும் தேய்த்து, கடைசியில் சாம்பிராணிப் புகை. காதில் எண்ணெய் விடுவதை இன்றைய காது மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. சேலையைக் கட்டி மகிழ்ந்த வீடுகள், அப்பிள்ளையின் கண்களைப் பற்றி அறிந்ததில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக் கல்வெட்டிலேயே சாட்சி உண்டு. செவிலிமேட்டைத் தழுவிச் செல்லும் பாலாறு கிழக்கே சென்று, வேகவதியும் செய்யாறும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் ஆகிறது. காஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பொங்கலுக்கு மறுநாள் வரதர் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளும்போது, எதிர்க்கரையில் தெரியும் கோயில். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அம்மன்னன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கோயிலோடு சேர்ந்து வேதம் பயிற்றும் கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும் நடந்த செய்தியை அது விரிவாகச் சொல்கிறது. மாணவர்கள் சனிக்கிழமைதோறும் தலை முழுக எண்ணெய்க்கு ஏற்பாடு! மன்னன் கட்டளையில் இடம்பெறும் அளவுக்கு அக்குளியல் முக்கியமாகக் கருதப்பட்டிருக்கிறது.

ஆதுலசாலையில் நோயாளர் படுக்க 15 கட்டில்கள். கோதண்டராமன் அசுவத்தாமபட்டன் என்ற வைத்தியர் ஒருவர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை பறித்து வந்து மருந்து செய்ய உதவுவோர், மருந்து காய்ச்சிக் கொடுத்து நோயாளரைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர் எனப் பணியாளர்களும், அவர்களுக்குரிய நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டுள்ளன. இரவில் எரிய விளக்கெண்ணெயும் மறக்கப்படவில்லை. பாலாற்றங்கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊதியம் பெற்ற அந்த இருவரையும் செவிலியர் என்றால் தவறாகாது. வைத்தியரின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள் இவர்கள் பெயரை வெட்டவில்லை. இது ஒரு குறைதான்.

அதைவிடச் சுவையானது, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பட்டியல். வடமொழிப் பெயர்கள் பார்க்க மிரட்டும். பிரித்துப் பார்த்தால் பழகிய முகங்களே தெரிகின்றன. வாசாஹரீதகி என்பதில் வாசா ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய். பில்வாதி கிருதம் வில்வம் முதலியவை சேர்த்துக் காய்ச்சிய நெய். லசுனாத்யேரண்ட தைலத்தில் லசுனம் பூண்டு, ஏரண்டம் ஆமணக்கு. அதாவது, அக்காலப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளிந்து தப்பிக்கப் பார்த்த அதே ஆமணக்கெண்ணெய். மாதமொரு முறையோ, கோடை விடுமுறையின் தொடக்கத்திலோ, விடியற்காலையில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட அந்த எண்ணெய்க்கு இவ்வளவு பெரிய பரம்பரை இருப்பது அப்போது தெரிந்திருந்தாலும் எந்தப் பிள்ளையும் சமாதானம் அடைந்திருக்காது. பட்டியலில் தசமூல ஹரீதகியும் உண்டு. பூரி ஜகந்நாதர் ஸ்நான பூர்ணிமையன்று 108 குடம் நீராடியபின் காய்ச்சலுற்றுத் திரைக்குள் இளைப்பாறும் நாட்களில், அவருக்குச் சமர்ப்பிக்கும் மருந்தும் தசமூலமே. பகவானுக்கே பத்தியம் வைத்துப் பார்த்த நாடு இது.

காஞ்சியில் பெருமாளுக்குச் சமர்ப்பிப்பது மருந்தா உணவா என்று பிரிக்கவே முடியாதபடி ஒரு பிரசாதம் இருக்கிறது. அதுதான் வரதர் கோயில் இட்லி. ஊறவைத்து அரைத்துப் புளித்த மாவில் சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய் ஆகியவை சேரும். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, ஒரே திரளாக நெடுநேரம் ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு அறுத்து விநியோகம். ஊறிப் புளித்த உளுந்து வயிற்றில் வாயுவாகாமல் இருக்கச் சுக்கும் பெருங்காயமும், செரிமானத்துக்குச் சீரகம், கபத்துக்கு மிளகு. பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில் இருந்தவை அனைத்தும் மடைப்பள்ளியிலும் இருந்தன. எது எதைப் பார்த்து வந்தது என்று சொல்ல இயலாது. பேதி மருந்து தவிர மற்ற எல்லா மருந்தும் சுவையாகவே கிடைத்த ஊர் காஞ்சி என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சைவர்களுக்குக் காய்ச்சலுக்கென்றே ஒரு பெருமான் காஞ்சியில் எழுந்தருளியிருக்கிறார். ஜுரஹரேசுவரர். நீள்வட்டமாக எழும் கருவறை கொண்ட சோழர் காலக் கோயில். பவானி சங்கமேசுவரர் கோயிலில் உள்ள ஜுரஹரேசுவரருக்கு மிளகு ரசம் நிவேதனம் செய்யும் வழக்கமும் பக்தர்கள் அறிந்ததே. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சி கச்சபேசுவரர் கோயிலில், தலை நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் சுமந்து வலம் வருவார்கள். சுக்குப் பற்று நெற்றியில் காய்ந்துகொண்டிருக்கையிலேயே, "கடை ஞாயிற்றுக்கு விளக்கெடுக்கிறேன் சாமி" என்று வேண்டிக்கொண்ட தாய்மார்கள் பலர். இரண்டில் எது பலித்தது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மை கண்ட வீட்டின் நடைமுறையும் அப்படியே. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். வந்திருப்பவள் அன்னை என்ற பயபக்தியோடு வெளியார் வரவு நிற்கும், வீட்டார் பிற வீடுகளுக்குப் போகமாட்டார்கள், தாளிப்பு, இரைச்சல் இல்லை, இளநீர், மோர், இறங்கியபின் வேப்பிலை மஞ்சளோடு மூன்று தண்ணீர். தொற்றுநோய் பரவாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டுச் சாதிக்க வேண்டியதை ஒரு கொத்து வேப்பிலை சாதித்தது. இருப்பினும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: பெரியம்மை ஒழிந்தது வேப்பிலையால் அன்று, தடுப்பூசியால். 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் உலகினின்று நீங்கியதை அறிவித்தது. அதற்கு முன் காஞ்சியின் ஒவ்வொரு தெருவும் இழந்த குழந்தைகளை நினைத்தால், பழைய வைத்தியத்தை மட்டும் நம்பியிருந்த காலத்துக்குத் திரும்ப எந்தப் பாட்டியும் விரும்பமாட்டாள்.

இதே நிதானம் கைக்குழந்தை மருந்துகளுக்கும் வேண்டும். அன்று பிள்ளை பெற்ற வீட்டில் உரைமருந்துப் பெட்டி தனியே இருக்கும். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்பு. தலை முழுகிய நாளில் ஒவ்வொன்றையும் தாய்ப்பாலில் இத்தனை இழை என்று கணக்காக இழைத்து, சங்கில் புகட்டுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப் பெயர். விளக்கு வைத்தபின் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பேர் சொல்லா மருந்து என்றும் பெயர். பேரப்பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் அப்பெட்டியைத் தேடும் கைகள் இன்றும் உண்டு. அந்த அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதே இன்றைய குழந்தை மருத்துவர்களின் ஒருமித்த கருத்து. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பது பெரும் ஆபத்தாகக்கூடும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டிலிருந்தே உணவுப் பொருள்களில் வசம்பு சேர்க்கத் தடை இருக்கிறது. வசம்பை வளையலாகக் கையில் கட்டி அழகு பார்ப்பதாயினும், குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் தங்களுக்காகக் காய்ச்சிக்கொள்ளும்போதும் ஒரு சொல். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோர் இருமலுக்கு அதிமதுரத்தை நாட்கணக்கில் சுவைத்தால் அழுத்தம் ஏறும். தீபாவளி லேகியத்தின் வெல்லமும் தேனும் சர்க்கரை நோயாளிக்குத் திருநாள் என்று விலக்கு அளிக்கா. மூன்று நாளுக்கு மேல் நிற்கும் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகவேண்டும். அக்காலப் பாட்டிகளே அப்படித்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் கஷாயத்துக்குக் காய்ச்சல் அடங்காவிட்டால் "வைத்தியரைக் கூப்பிடு" என்று முதலில் சொன்னவள் பாட்டிதான். தன் மருந்தின் எல்லை அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரியாமல் கைப்பேசியில் வரும் குறிப்புகளை நம்பிப் பலவற்றைக் கலந்து குடிப்பது பழைமையும் ஆகாது, புதுமையும் ஆகாது.

உண்மையில் மறைந்துகொண்டிருப்பது அந்த எல்லை அறிந்த கைப்பழக்கமே. சுக்கும் மிளகும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கண்டந்திப்பிலி ரசப்பொடிகூடப் பொட்டலமாக வந்துவிட்டது. எத்தனை இழை, எவ்வளவு சூடு, எந்த உடம்புக்கு எது ஆகாது என்பதை மட்டும் எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. "திட்டமாகப் போடு" என்ற ஒரு சொல்லிலேயே ஓர் ஆயுளின் அறிவு அடங்கியிருந்தது. கேட்கும் பெண்ணோ பேத்தியோ அருகில் நின்று பார்த்துக் கற்றாள். இப்போது மகன் ஒரு நகரில், மகள் ஒரு நாட்டில். உரைகல் பரணில் ஏறிவிட்டது. பாலாற்று மணல் அள்ளப்பட்டு, கரையோரப் புறம்போக்குகள் மனைகளாகி, நொச்சியும் ஆடாதோடையும் தாமாக வளர இடமின்றிப் போயின. செவிலிமேட்டுப் பக்கத்தில் இன்று நொச்சித் தழை வேண்டுவோர், சில வீட்டுக் கொல்லைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தொட்டியில் கற்பூரவல்லியும் துளசியும் தூதுவளையும் வளர்த்துவருகிற பெரியவர்கள், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு நோட்டில் எழுதி, எது கூடாது என்பதையும் சேர்த்து எழுதி வைத்தால், பூஜையறையில் வைக்கத்தக்க நோட்டாக அது இருக்கும்.

கோடையில் செவிலிமேட்டுக்கு வருவோருக்கு, கஷாயம் போலன்றிக் குழந்தைகளும் கையேந்திக் கேட்கும் ஒரு மருந்து காத்திருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று வரதர் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். பூமிக்கடியில் படிகளில் இறங்கிச் செல்லும் அக்கிணற்று மண்டபமும், அதனருகே பெரிய ஏரியை ஒட்டி அமைந்த சஞ்சீவிராயர் கோயிலும் காஞ்சி வட்டாரத்தின் அரிய காட்சிகள். விஜயநகர வேங்கடபதி தேவராயர் காலத்தில் வாழ்ந்த கோடிகன்னிகாதானம் லக்ஷ்மீகுமார தாதாசாரியாரின் திருப்பணி என்று போற்றப்படுவது. மூலிகை மலையைச் சுமந்து வந்த அனுமனின் பெயர் தாங்கியது. புறப்பாடு செவிலிமேடு வழியாகச் செல்லும்போது வழிநெடுக மண்டகப்படிகள். பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் வியர்வையில் நனைந்து வருவார்கள்.

வாசல்தோறும் பானைகள் இருக்கும். நரசிம்மருக்கு உகந்தது பானகம். நரசிம்மர் ஊரில் அதற்குக் குறைவிருக்குமா? வெல்லத்தை நீரில் கரைத்து வடிகட்டி, சுக்கையும் ஏலத்தையும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கடைசியில் துளசி சேர்ப்பார்கள். வியர்த்து இழந்த சத்து வெல்லத்தில் மீளும். வெறும் வயிற்றில் குளிர்ந்த நீர் பிடித்துக்கொள்ளாமல் சுக்கு பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் பானையில் நீர்மோர். அதில் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. சர்க்கரை நோயுள்ளவர்கள் அந்தப் பானையின் பக்கம் நின்றுகொள்ளலாம். கரண்டி வைத்திருக்கும் மூதாட்டி வருபவர் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. டம்ளர் காலியானதும், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டு ஊற்றுகிறாள். மூன்று முறை வாங்கியவர்களுக்கும் நான்காவது உண்டு.